வலை ஏபிஐ அளபுருக்கள்

ஒரு வலை ஏபிஐ-யிடம் கேட்கும்போது உடன் அனுப்பும் விவரங்கள் அளபுருக்கள். யூஆர்எல்லின் பாதை, கேள்விக்குறிக்குப் பின்வரும் குவெரி, ஹெடர், பாடி ஆகிய நான்கில் ஒன்றில் இவை செல்லும். எந்தப் பொருள் வேண்டும் என்று சுட்டுவது பாதையில். வரிசை, வடிகட்டல், பக்க எண் போன்றவை குவெரியில் என்பதே பரவலான வழக்கம்.

உதாரணமாக, காரைக்குடி ரயில் நிலையத்துக்கு கேகேடிஐ என்றும், தலைமை அஞ்சலகத்துக்கு 630001 என்றும் குறியீடுகள் உண்டு. பாதையில் வைக்க இவையே ஏற்றவை. ஊர்ப்பெயர் அவ்வளவு வசதியில்லை. ‘காரைக்குடி’ ஐந்தெழுத்துதான், யூனிகோடில் பத்துக் குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 30 பைட்டுகள், சதவீதக் குறியுடன் யூஆர்எல்லில் ஏறினால் 90 எழுத்துகள். பக்கத்திலுள்ள கோட்டையூரில் வேறு தொல்லை: ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சர்வரோ இரண்டு ஊர் என்று நினைக்கும். யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்குச் சீராக்கிய பின்பே ஒப்பிட வேண்டும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைத் தலைப்புகளைப் பாதையிலேயே வைத்தும் தடுமாறாததற்கு, அதன் மீடியாவிக்கி மென்பொருள் இந்தச் சீராக்கத்தைச் செய்துவிடுவது ஒரு காரணம்.

ரகசியங்கள் யூஆர்எல்லில் கூடாது. எச்டிடிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். அது வழியில்தான் காக்கும். சர்வர் பதிவேட்டிலும் பிரவுசர் வரலாற்றிலும் முழு யூஆர்எல் அப்படியே கிடக்கும். அதனால் கேட்பவரை அடையாளம் காட்டும் ரகசியச் சரமான டோக்கன் ஹெடரில் போகிறது. 2016-இல் வந்த யூபிஐ இதற்கு நல்ல பாடம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்காரர் ஒட்டிவைக்கும் க்யூஆர் படத்துக்குள் இருப்பது ஒரு குவெரிதான்: பணம் பெறுபவரின் முகவரி, பெயர், விரும்பினால் தொகை. தொகை இல்லையென்றால் வாங்குபவரே தட்டிக்கொள்வார். பின் எண் அதில் இல்லை. அது போனிலேயே மறையாக்கப்பட்டுத் தனியே போகிறது.

புதிதாக ஒன்றைப் பதிவுசெய்யும் பெரிய தரவுக்கு போஸ்ட் கோரிக்கையின் பாடியே இடம். கெட் கோரிக்கையின் பாடிக்குப் பொதுவான பொருள் எதையும் எச்டிடிபி-யின் தர ஆவணமான ஆர்எஃப்சி 9110 (2022) தரவில்லை. இடையிலுள்ள சர்வர்கள் அதை மறுக்கவும் கூடும். அதே ஆவணம் குறைந்தது 8000 பைட்டு நீள யூஆர்எல்லை ஏற்கச் சொல்கிறது. ஆங்கிலத்துக்கு அது தாராளம்; தமிழில் 900 குறியீடுகள்கூடக் கொள்ளாது. நீண்ட தமிழ்ப் பத்தியைத் தேடலுக்குக் கொடுக்கும் ஏபிஐ-யை போஸ்ட்டில் அமைப்பதே மேல். ஆனால் அப்போது தேடல் முடிவை இணைப்பாகப் பிறருக்கு அனுப்ப முடியாது.