குடலையும் தயிரும்: காஞ்சிபுரம் இட்லியின் தொன்மை பற்றி

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்லி தட்டில் வேகுவதில்லை. மூங்கிலால் முடைந்த உருளைக் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிப் பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வைக்கிறார்கள். பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைபடும். தயிர், நெய், மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் சேரும். வெந்த உருளையை வில்லைகளாக நறுக்கிப் பிரசாதமாகத் தருவார்கள். இட்லி வரலாற்றில் இன்னும் முடியாத ஒரு வழக்குக்கு இந்தக் குடலை சாட்சி சொல்லும் என்பது என் வாதம்.

வழக்கைத் தொடுத்தவர் உணவு வரலாற்றறிஞர் கே.டி. அச்சயா. கி.பி. 920 அளவில் எழுந்த கன்னட நூலான வட்டாராதனையில் 'இட்டலிகெ' வருகிறது. மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் (சுமார் 1130) 'இட்டரிகா'வைச் சொல்கிறது. ஆனால் அரிசி, புளிப்பு, ஆவி ஆகிய மூன்றும் இப்பழைய குறிப்புகளில் இல்லை என்றார் அச்சயா. புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்றும் கருதினார்.

முதலில் புளிப்பு. 1025 அளவில் சாவுண்டராயர் இயற்றிய லோகோபகாரம் உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிர்த் தெளிவு விட்டு, கொத்தமல்லி, சீரகம், மிளகு, பெருங்காயம் சேர்க்கச் சொல்கிறது. புளித்த பால் அங்கேயே இருக்கிறது. மாவை உப்பவைப்பது லியூகோனாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்னும் நுண்ணுயிரி என 1965இல் வெளியான ஆய்வு காட்டியது. அது உளுந்தோடே வருவது. அரைத்த உளுந்தை நம் வெக்கையில் ஓர் இரவு வைத்தால் போதும். இங்கே புளித்த பால் தானியத்துக்குள் புகுந்துகொண்டது.

மிளகை மட்டும் காட்டிக் கோயில் இட்லி பழையது என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாயைக் கோயில் மடப்பள்ளிகள் பொதுவாக விலக்கியே வந்திருக்கின்றன. நேற்று புகுந்த பண்டத்துக்கும் அங்கே மிளகுதான் காரம். தயிரும் பெருங்காயமும் சீரகமும் ஒருசேர லோகோபகாரத்தோடு ஒத்துப்போவதே கவனிக்கத்தக்கது.

அடுத்தது ஆவி. இந்தியருக்கு ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் தெரியாது என்று 7ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதியதை அச்சயா பெரிதாக எடுத்துக்கொண்டார். அந்த யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்தவர் என்பது வேடிக்கை. அவர் தேடியது தம் நாட்டு அடுக்குப் பாத்திரமாக இருக்கலாம். குடலைக்குத் தனிப் பாத்திரம் தேவையில்லை. தண்ணீர் கொதிக்கும் எந்தப் பானையும் போதும். மூங்கிலும் இலையும் மண்ணில் மக்கிவிடுவதால் அகழாய்விலும் சுவடு கிடைக்காது. பாத்திரப் பட்டியலை வைத்துச் சமையல் முறையை மறுப்பது சரியல்ல.

எஞ்சுவது அரிசி. மேற்சொன்ன மூன்று நூல்களும் தக்காணத்தில் எழுந்தவை. அங்கே உளுந்து மட்டுமே பேசப்பட்டதைக் கொண்டு, ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த தொண்டை மண்டலத்து அடுப்பை அளக்க முடியாது. உளுந்தோடு அரிசி சேர்ந்தது இந்தப் பக்கத்தில்தான் என்பது என் ஊகம். அதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை.