மலிவான உணவின் சமூக வரலாறு: ஈழத்து அடுக்களையும் தேநீர்க்கடையும்

அரசர்களின் கொடை பற்றியும் கோயிற் திருப்பணிகள் பற்றியும் விரிவாக எழுதிய எமது வரலாற்றாசிரியர்கள், மக்கள் நாளாந்தம் எதை உண்டனர், அதை எவ்வாறு பெற்றனர் என்பன பற்றி அதிகம் எழுதினாரல்லர். அண்மைக் காலத்தில் உணவு பற்றி எழுதுவோரும் ஒடியற் கூழையும் பிட்டையும் 'பாரம்பரியச் சுவை' என்று போற்றுவதோடு அமைந்துவிடுகின்றனர். அச்சுவை மெய்யானதே, அதனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், மலிவான உணவு என்பது இயற்கை தந்த கொடையுமன்று, முன்னோரின் எளிமைக்குச் சான்றுமன்று. அது குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளின் விளைவு. யாருடைய உழைப்பினால் அது மலிவாயிற்று, யாருக்கு மலிவாயிற்று, அதனை யார் யாருடன் அமர்ந்து உண்ண முடிந்தது ஆகிய மூன்று வினாக்களையும் எழுப்பும்போதே உணவு வரலாற்றுப் பொருளாகின்றது.

1

பத்துப்பாட்டில் இடம்பெறும் ஆற்றுப்படைகள் இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கவை. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் செல்லும் வழியில் எயினர், ஆயர், உழவர், பரதவர் ஆகியோர் தத்தம் தொழிலுக்கேற்ற உணவை அவனுக்கு அளிக்கின்றனர். உணவு வேறுபாடு அங்கு தொழில் வேறுபாட்டின் வெளிப்பாடாகவே அமைகின்றது. சிறுபாணாற்றுப்படையோ இன்னொரு காட்சியைத் தருகின்றது. பசியால் வருந்தும் பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து உப்புமின்றி அவிக்கிறாள். பிறர் கண்டு பழிப்பரே என நாணி வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்துடன் பகிர்ந்து உண்கிறாள். தமிழிலக்கியம் பதிவு செய்த மிக மலிவான வீட்டுணவுகளுள் இதுவும் ஒன்று எனலாம். செலவில்லாத உணவும் பகிர்ந்துண்ணும் பண்பும் அங்கே உள்ளன. கூடவே நாணமும் உள்ளது. பண்டங்கள் பெருகி ஏற்றத்தாழ்வு தோன்றிவிட்ட சமுதாயத்திலேதான் எளிய உணவு மறைத்துண்ண வேண்டியதாகின்றது.

2

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீட்டுணவுக்கு வருவோம். ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திலேயே இங்கு புகையிலை முதன்மையான பணப்பயிராகிவிட்டது. கிணற்றுநீர் பாய்ந்த தோட்டங்களில் விளைந்த புகையிலை திருவிதாங்கூர் வரை சென்றது. மழையை நம்பிய வயல்களின் நெல்லோ குடாநாட்டுக்குப் போதவில்லை. அரிசி வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. அதனை வாங்கப் பணம் வேண்டியிருந்தது. பணமில்லாதோரின் வயிற்றை நிரப்பியவை பனையும் குரக்கனும் மரவள்ளியுமேயாகும்.

பனம் விதைகளைப் பாத்தியிட்டு, முளைத்த கிழங்கைக் கிண்டி, பச்சையாகப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, நீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்கிய பின்னரே கூழுக்கோ பிட்டுக்கோ பயன்படுத்தலாம். மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் கிடைத்த அளவுக்குக் கூழிற் சேரும். ஒரு பானையைச் சுற்றியிருந்து பிளாவில் வார்த்துக் குடிக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியை உழைக்கும் மக்களின் உண்மையான பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகக் கொள்வதில் தவறில்லை.

எனினும் இவ்வுணவு பணக் கணக்கில் மட்டுமே மலிவானது. கிண்டுதல், பிளத்தல், உலர்த்தல், இடித்தல், அரித்தல், தேங்காய் துருவுதல், விறகு பொறுக்குதல், நீர் அள்ளுதல் ஆகிய அனைத்தையும் உழைப்பு நேரத்தில் அளந்தால் ஒரு நீத்துப்பெட்டிப் பிட்டு வியக்கத்தக்க விலையுடையதாகிவிடும். அவ்வுழைப்பிற் பெரும்பகுதி பெண்களுடையது. அதற்குக் கூலி இல்லாமையால் அது உழைப்பாகவே எண்ணப்படவில்லை. 'இலகுவான சமையல்' என்று ஆண்கள் கூறுவதன் பின்னால் இவ்வுண்மை மறைந்துகிடக்கின்றது.

3

உழைப்புச் சக்தியின் மதிப்பு, தொழிலாளியும் அவன் குடும்பமும் உயிர்வாழத் தேவையான பொருள்களின் மதிப்பினால் நிர்ணயிக்கப்படுகின்றது என்பதும், அத்தேவைகளின் அளவில் வரலாற்று அம்சமும் ஒழுக்க அம்சமும் உள்ளன என்பதும் மார்க்ஸ் 'மூலதன'த்தில் விளக்கியவை. மலையகத் தோட்டங்கள் இதற்குக் கண்கூடான சான்று. தோட்ட நிருவாகம் தொழிலாளருக்கு அரிசி வழங்கி அதன் விலையைக் கூலியிற் கழித்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் கூலியை அரிசி விலையோடு இணைத்தே நோக்கியது. அரிசி மலிவாயிருக்கும்வரை கூலியும் குறைவாயிருக்கலாம். மலிவான உணவு இங்கு தொழிலாளிக்குக் கிடைத்த சலுகையன்று. மூலதனத்துக்குக் கிடைத்த சலுகையே.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி தடைப்பட்டது. அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கோதுமை மாவும் பாணும் எல்லாப் பிரதேசங்களின் அடுக்களைகளிலும் இடம்பிடித்தன. தோட்ட லயன்களில் மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தட்டிய ரொட்டி காலை உணவாகவும் வேலைக்குக் கொண்டுசெல்லும் உணவாகவும் நிலைபெற்றது. கூப்பன் அரிசியும் சங்கக்கடையும் பொதுமக்கள் வாழ்வின் பகுதியாயின.

போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கிய பங்கீட்டை மக்கள் தமது உரிமையாக மாற்றிக்கொண்டமையே பின்வந்த காலத்தின் முக்கிய நிகழ்வு. 1953 யூலையில் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பின் பேரில் ஓகஸ்ட் 12ஆம் நாள் நடைபெற்ற ஹர்த்தால் நாட்டின் பல பாகங்களை நிலைகுலையச் செய்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு எந்த அரசாங்கமும் பங்கீட்டு அரிசியை அச்சமின்றித் தொட முடியவில்லை. அரிசிச் சோற்றின் விலை இலங்கையில் வர்க்கப் போராட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டது என்று கூறுவது மிகையாகாது.

4

வீட்டு அடுக்களையின் மறுபுறம் தேநீர்க்கடையாகும். ஏற்றுமதிக்குப் போக எஞ்சிய தேயிலைத் தூளும் சீனியும் கோதுமை மாவும் பரவியபோது, சந்தியிலும் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் தேத்தண்ணிக் கடைகள் பெருகின. வீட்டிலிருந்து தொலைவில் வேலைசெய்வோருக்கு ஒரு பிளேன்ரீயும் வடையும் வாய்ப்பனும் குறைந்த செலவிற் பசியாற்றின. காரைநகர், புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து சென்ற சிறுவணிகர் தென்னிலங்கை நகரங்களிலும் சாப்பாட்டுக் கடைகளை நடத்தினர். மொழி வேறுபாடின்றித் தொழிலாளரும் எழுதுவினைஞரும் அங்கு உண்டனர். பத்திரிகை வாசிப்பும் அரசியல் விவாதமும் அக்கடைகளின் வாங்குகளிலேயே வளர்ந்தன.

பணம் கொடுப்பவர் எவரும் சமம் என்பது சந்தையின் நியதி. யாழ்ப்பாணத்திலோ அந்நியதியும் சாதியின் வாசலில் நின்றுவிட்டது. தாழ்த்தப்பட்ட மக்களின் காசு கடைக்குள் சென்றது. அவர்கள் வெளியே நின்றனர். அதே தேநீருக்கு அதே விலை கொடுத்தும் போத்தலிலோ தகரக் குவளையிலோ சிரட்டையிலோ வாங்கி, நிலத்திற் குந்தியிருந்து குடிக்க வேண்டியதாயிற்று. முதலாளித்துவ உறவுகள் நிலமானிய உறவுகளை ஒழிக்காது, அவற்றோடு சமரசம் செய்துகொண்டு வளர்ந்தமைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமபந்தி போசனத்தை வலியுறுத்தியது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை தொடர்ந்து குரல்கொடுத்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. உணவுக்கடையில் ஒருவருக்குச் சாதி காரணமாக இடம் மறுத்தல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆயினும் சட்டம் கடையின் வாங்கு வரை வந்துசேரவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், மறுவருடம் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமுமே நிலைமையை மாற்றின. சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் இளைஞர் திரளாகச் சென்று கடைகளில் அமர்ந்து தேநீர் கேட்டனர். தாக்குதல்கள் நடந்தன, உயிர்கள் போயின, கடைகள் திறந்தன. கே. டானியலின் 'பஞ்சமர்' இப்போராட்டக் காலத்தை நாவலாக்கியது. ஒரு கோப்பைத் தேநீர் இலக்கியத்தின் பொருளாயிற்று என்றால், அதற்குக் காரணம் தேநீரின் சுவையன்று. அதனைக் கண்ணாடிக் குவளையில் வாங்கி இருந்து குடிக்கும் மனித உரிமையேயாகும்.

5

1973, 1974ஆம் ஆண்டுகளின் உலகத் தானிய, எண்ணெய் நெருக்கடி பாணுக்கு நீண்ட வரிசைகளை உண்டாக்கியது. தோட்டங்களில் அது பட்டினியாகவும் மரணமாகவும் விடிந்தது. அதே காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் நல்ல விலை பெற்றனர் என்ற முரண்பாட்டையும் மறத்தலாகாது. 1977இன் திறந்த பொருளாதாரம் அவர்களின் சந்தையைப் பறித்தது. 1979இல் பங்கீட்டு அரிசியின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. 1980இல் திருகோணமலையில் பாரிய கோதுமை மா ஆலை இயங்கத் தொடங்கியது. பாணும் பின்னர் நாடெங்கும் பரவிய கொத்துரொட்டியும் இந்நாட்டில் விளையாத ஒரு தானியத்தையே அடித்தளமாகக் கொண்டவை. 1983 யூலையில் தென்னிலங்கைத் தமிழர் கடைகள் எரியூட்டப்பட்டபோது, பல இனத்தவரும் அருகருகே இருந்து உண்ட இடங்களும் எரிந்தன.

1990இல் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை பனையையும் விறகடுப்பையும் மீண்டும் முன்னிலைக்குக் கொணர்ந்தது. 2022இன் நெருக்கடியில் எரிவாயுவுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர்; சிறிய சாப்பாட்டுக் கடைகள் பல மூடப்பட்டன; செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. இவ்வேளைகளிலெல்லாம் 'முன்னோரின் எளிய உணவுக்குத் திரும்புவோம்' என்ற அறிவுரை கேட்டது. வறுமையைப் பண்பாடாக்கி விற்கும் இவ்வறிவுரை யாருக்கு வசதியானது என்பதை ஆராய்வது அவசியம். ஒடியற் கூழை விரும்பிக் குடிப்பதற்கும் வேறு வழியின்றிக் குடிப்பதற்கும் இடையே ஒரு வர்க்கத்தின் தூரம் உள்ளது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஈழத்தில் மலிவான உணவின் வரலாறு ஒரே சமயத்தில் சுரண்டலின் வரலாறாகவும் உரிமையின் வரலாறாகவும் அமைவதைக் காணலாம். குறைந்த கூலிக்கும் பெண்களின் கூலியற்ற உழைப்புக்கும் அது துணைநின்றது. அதே உணவை நியாய விலையிலும் தலைநிமிர்ந்தும் பெறவேண்டும் என்பதற்காகவே மக்கள் 1953இல் வீதியில் இறங்கினர். அடுத்த தசாப்தத்தில் தேநீர்க்கடைகளில் நுழைந்தனர். எளிய உணவின் இன்பத்தை எல்லோர்க்கும் உரியதாக்கியவை, ஆக்க வேண்டியவையும், இத்தகைய கூட்டு முயற்சிகளே. எமது உணவு பற்றிய ஆய்வுகள் சமையற் குறிப்புகளோடு நில்லாது, கூப்பன் புத்தகத்தையும் கடை வாங்கையும் தமது சான்றாதாரங்களாகக் கொள்ளுதல் வேண்டும்.