ஆயுள் பரியந்தம்

மதுரைக்கு மேற்கே வைகைக் கரையில் இருக்கும் கோச்சடையில் நஞ்சை நிலங்கள் வீட்டுமனைகளாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே மனை வாங்குகிறவர் மூலப்பத்திரங்களை வரிசையாக வைத்துப் படித்தாக வேண்டும். கிரயப் பத்திரத்தின் நடை பலருக்கும் தெரிந்ததுதான். வாங்கியவர் சர்வ சுதந்திர பாத்தியத்துடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அதே கட்டில் பழைய உயில் ஒன்று இருந்தால் நடை மாறும். மனைவி தன் ஆயுள் பரியந்தம் சொத்தின் வருமானத்தை அனுபவித்து வர வேண்டியது. யாதொரு பராதீனமும் செய்யக் கூடாது. அவள் காலத்துக்குப் பிறகு ஆண்மக்கள் அடைய வேண்டியது.

இரண்டும் காலத்தைச் சொல்லும் தொடர்கள். ஒன்று மகன், பேரன் என்று முடிவில்லாமல் நீள்கிறது. மற்றது ஒரு பெண்ணின் கடைசி மூச்சோடு நிற்கிறது. பராதீனம் என்றால் விற்பது, அடமானம் வைப்பது, தானம் கொடுப்பது எல்லாம். அதைத் தடுத்துவிட்டால் மிஞ்சுவது விளைச்சலும் வாடகையும் மட்டுமே. அவள் அந்த நிலத்தில் இருக்கலாம். நிலம் அவளிடம் இருக்காது.

பெண்களுக்கும் முடிவில்லாக் காலத்துக்கும் தொடர்பே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. இடைக்காலக் கோயில் கல்வெட்டுகளில் ‘சந்திராதித்தவல்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று பொருள். அணையா விளக்கு எரிக்க நெய் வேண்டும்; அதற்காக ஆடுகளைக் கொடுத்தார்கள். சோழர் காலத்தில் ஒரு விளக்குக்கு வழக்கமாக 96 ஆடுகள். அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருப்பதால் அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. செம்பியன் மாதேவி, குந்தவை போன்ற அரச குடும்பத்தாரும், கோயிலைச் சார்ந்து வாழ்ந்த பெண்களும் இப்படிக் கொடை கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கும்போது பெண்ணின் செயல் சூரியன் உள்ளவரை நின்றது. நிலத்தை விற்கும் சில பெண்களுக்கோ முதுகண் என்ற ஆண் காப்பாளர் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. கொடுத்தது நிலைத்தது; வைத்துக்கொள்வதற்குத்தான் தடை இருந்தது.

இந்தத் தடை ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களில் எப்படிச் சட்டமாக இறுகியது என்பதைச் சிவகங்கை வழக்கு காட்டுகிறது. சிவகங்கை அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஒரு தலைமுறைக்கு முன்புதான் வேலு நாச்சியார் ஆண்ட சீமை. 1801இல் கம்பெனி அரசு கௌரி வல்லபத் தேவரை அங்கே ஜமீன்தாராக்கியது. அந்த உரிமைக்கு இஸ்திமிரார் என்று பெயர். இடையறாது நீடிப்பது என்பதே அந்தச் சொல்லின் பொருள். 1829இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். சகோதரர் வழியினர் ஜமீனைக் கைக்கொண்டார்கள். மனைவியரும் மகள்களும் உரிமை கேட்டு வழக்காடினார்கள். 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில், மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஜமீன் கௌரி வல்லபர் தானாக அடைந்த தனிச்சொத்து, ஆகவே சகோதரர் வழிக்குப் போகாது என்பது காரணம்.

34 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வெற்றிக்கும் காலக்கெடு இருந்தது. காத்தம நாச்சியார் 1877இல் இறந்ததும் மறுபடி வழக்கு எழுந்தது. 1881இல் பிரிவி கவுன்சில் விளக்கம் தந்தது: விதவையைப் போலவே மகளும் அடைவது வரையறுக்கப்பட்ட உரிமைதான். அவள் இறந்த பிறகு அவளுடைய வாரிசு யார் என்று பார்க்கக் கூடாது. கடைசியாக உடைமை கொண்டிருந்த ஆணின் வாரிசு யார் என்றே பார்க்க வேண்டும். நீடிப்பது என்று பெயர் வைத்த சொத்தில், ஒரு பெண் வென்றெடுத்த பங்கு அவள் உடலோடு எரிந்துபோனது. சட்டத்தின் பார்வையில் அவள் இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு இடைவேளை.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937இல் வந்த மத்தியச் சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அதையும் வாழ்நாள் உரிமையாகவே கொடுத்தது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் அந்தக் கெடுவை நீக்கியது. அதன் 14ஆம் பிரிவின்படி ஒரு இந்துப் பெண் வைத்திருக்கும் சொத்துக்கு அவளே முழு உரிமையாளர். ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்தது. உயிலோ தானப் பத்திரமோ நிபந்தனையோடு கொடுத்தால் அந்த நிபந்தனை செல்லும். ‘ஆயுள் பரியந்தம்’ அந்தக் கதவு வழியே திரும்பி வந்தது.

1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைப் பாதி சாத்தியது. ஜீவனாம்சத்துக்கு ஈடாக ஒரு விதவைக்குச் சொத்து கொடுக்கப்பட்டிருந்தால், அவள் ஆயுள்வரை மட்டும் என்று எழுதியிருந்தாலும் அது முழு உரிமையாகிவிடும். ஜீவனாம்சம் என்பது அவளுக்கு ஏற்கெனவே உள்ள உரிமை, புதிதாக யாரும் கொடுத்த தயவு இல்லை என்றது. பிறகு வந்த தீர்ப்புகள் ஒரே திசையில் போகவில்லை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. சட்டம் வந்து 68 ஆண்டுகளுக்குப் பிறகும் மூன்று நான்கு வார்த்தைகள் வழக்காகவே இருக்கின்றன.

மகள்களின் கதையிலும் காலம் குறுக்கே வந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டத்தைத் திருத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்கு இல்லை. 2005இன் மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிறப்பிலிருந்து என்ற தொடக்கம் பெண்ணுக்குச் சட்டத்தில் கிடைக்க இவ்வளவு காலம் ஆனது.

மனைவி விற்றுவிடக் கூடாது, யாராவது ஏமாற்றிவிடுவார்கள், கடைசிக் காலம்வரை கூரை இருக்கட்டும் என்ற அக்கறையில்தான் அப்படி எழுதுகிறோம் என்பார்கள். அக்கறை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்த நிலத்தை விற்க முடியாத பெண், அதே மகன்களின் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். தன்னைக் கவனித்துக்கொண்ட மகளுக்கு ஒரு சென்ட்கூட எழுதிவைக்க அவளால் முடியாது. தீர்க்கசுமங்கலியாய் இரு என்று வாழ்த்தும் சமூகம், அவளது நீண்ட காலத்தைக் கணவனின் ஆயுளால் அளக்கிறது. கணவன் போன பிறகு, அவளுடைய ஆயுளையே அவளது உரிமைக்கு எல்லையாக்குகிறது.

இன்றும் பத்திர எழுத்தரின் கணினியில் அந்த வாசகம் தயாராக இருக்கிறது. பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் போதும். உயில் எழுதும் ஆண்களும், எழுதும்போது அருகில் இருக்கும் பெண்களும் அந்த ஒரு வரியில் நிறுத்திக் கேட்கலாம்: எவ்வளவு காலத்துக்கு? அதற்குப் பதிலாக ‘சர்வ சுதந்திரமாய்’ என்று எழுதக் கூடுதல் முத்திரைத்தாள் தேவையில்லை.