கள்ளுக்கடை வாசலில் தொடங்கிய போராட்டம்

முதலாளி–தொழிலாளி உறவு என்றதும் சம்பளம், போனஸ், யூனியன் என்றுதான் நாம் பேசத் தொடங்குவோம். சிடாம் கிரியும் பீடோங்கும் இருக்கும் கெடாவின் கோல மூடா மாவட்டத்தில் அந்தப் பேச்சு கள்ளுக்கடை வாசலில் தொடங்கியது.

அந்தக் காலத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். லயம் நிர்வாகத்துடையது. ஆஸ்பத்திரி நிர்வாகத்துடையது. தோட்டத்துக்குள் இருந்த கள்ளுக்கடையும் நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில்தான். சம்பள நாளில் வாங்கிய காசில் ஒரு பங்கு அன்று மாலையே அங்கே போய்விடும். பெண்களும் பால் மரம் வெட்டினார்கள். ஆனால் வீட்டில் அடுப்பு எரியாத இரவுகளின் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?

'இந்தியத் தொழிலாளி அடங்கிப் போகிறவன்' என்பது வெள்ளைக்கார துரைகளின் எண்ணம். 1941ல் கிள்ளான் வேலைநிறுத்தம் அதை உலுக்கியது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம், கள்ளுக்கடையை மூடுங்கள் என்பவையும் அங்கே சம்பள உயர்வோடு சேர்ந்த கோரிக்கைகள். பிறகு ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம் ரயில் பாதைக்குப் போய் உயிர் தப்பியவர்களும், இந்திய தேசிய ராணுவத்தில் அணிவகுத்து நின்றவர்களும் பழைய ஆட்களாகத் திரும்பவில்லை.

போருக்குப் பின் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவானது. இளைஞர்கள் அணிவகுப்புப் பயிற்சி எடுத்தார்கள், கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். குடித்தவர்களைத் தாங்களே தண்டிக்கவும் செய்தார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் முதலில் தங்கள் லயத்தைத் திருத்தி, அதன் பிறகு நிர்வாகத்தின் முன் நின்றவர்கள் அவர்கள். குடியை விட்டவன் கணக்குக் கேட்பான் அல்லவா?

அரசாங்கம் இதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே பார்த்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் செய்த கூட்டத்தைப் போலீஸ் தாக்கியது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் பலர் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு, இன்னொரு உயிர். கள்ளு வேண்டாம் என்று சொன்னதற்கு இத்தனை விலை!

1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. தொழிற்சங்கங்கள் பல கலைந்தன. தொண்டர் படையும் மறைந்தது. 1954ல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாகி, சம்பளப் பேச்சு மேசைக்கு வந்தது. ஆனாலும் நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளம், தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று நடைமுறைக்கு வர 2013 ஆனது.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய் செம்பனை நிற்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு விமானம் ஏறியவர்களும் அவர்களில் உண்டு. நம் தாத்தாக்களில் பலர் கங்காணியிடம் முன்பணம் வாங்கித்தான் கப்பல் ஏறினார்கள்.