உள்விழி வில்லையும் ஊர்க் கிளினிக்கும்: திருகோணமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

கிட்டப்பார்வைக்காகக் கண்ணுக்குள் வில்லை பொருத்துவது பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்: லேசிக் நல்லதா, உள்விழி வில்லை நல்லதா? சத்திரசிகிச்சை நடக்கும் நகரத்திலேயே வாழ்பவருக்கு அந்தக் கேள்வி ஓரளவு போதும். திருகோணமலையில் வாழ்பவருக்குப் போதாது. கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மதுரைக்கோ சென்னைக்கோ போவதென்றால் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும். வில்லையை வைப்பது சிறிது நேர வேலை. அதைச் சுமக்கும் கண்ணோ அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள் இந்த ஊரில்தான் இருக்கப்போகிறது. கடுமையான கிட்டப்பார்வை உடைய துறைமுகப் பிரதேசத்தவருக்கு உள்விழி வில்லை தகுந்த தெரிவே. ஆனால் அந்தத் தெரிவு பாதுகாப்பானதா என்பது சத்திரசிகிச்சைக் கூடத்தைவிட ஊரிலுள்ள கண் கிளினிக்கிலேயே அதிகம் தங்கியிருக்கிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இந்த வில்லை கதிராளிக்குப் பின்னால், கண்ணின் இயற்கை வில்லைக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய இடத்தில் அமர்கிறது. ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வெட்டு வழியாகச் சுருட்டிச் செலுத்தப்பட்டு உள்ளே விரிகிறது. கண்புரைச் சத்திரசிகிச்சையில் நடப்பதுபோல இயற்கை வில்லை அகற்றப்படுவதில்லை. அதனால் இளவயதினர் கிட்டத்தில் உள்ளதைக் குவித்துப் பார்க்கும் ஆற்றலை இழப்பதில்லை. பரவலாகப் பயன்படுவது அமெரிக்காவின் ஸ்டார் சேர்ஜிக்கல் நிறுவனத்தின் ஐசிஎல். கொலாஜன் கலந்த கொலமர் என்னும் மென்மையான பொருளால் ஆனது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு 2005 டிசெம்பரிலும், நடுவில் துளையுள்ள புதிய வடிவத்துக்கு 2022 மார்ச்சிலும் அனுமதி வழங்கியது. அந்த அனுமதிகளில் விதிக்கப்பட்ட எல்லைகள் கவனத்துக்குரியவை. வயது 21 முதல் 45 வரை. பவர் மைனஸ் 3 முதல் மைனஸ் 20 வரை. அதிலும் மைனஸ் 15ஐத் தாண்டினால் குறைக்கலாமே தவிர முழுதாகத் திருத்த முடியாது. கண்ணின் முன்னறை ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. பவர் ஓராண்டாக அரை டயொப்டருக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கண்ணாடியைக் கழற்றிவிட விரும்பும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கான பதில் இந்த எல்லைகளுக்குள்ளேயே இருக்கிறது: பொறுத்திரு.

கடுமையான கிட்டப்பார்வைக்கு இந்த வழி ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். லேசிக் முறையில் 6 மில்லிமீற்றர் அகலப் பரப்பில் ஒரு டயொப்டரைத் திருத்த விழிவெண்படலத்தில் ஏறத்தாழ 12 மைக்ரோன் தடிப்பைச் செதுக்க வேண்டும். மேலே தூக்கும் மடலுக்கு 110 மைக்ரோன் அளவு போகும். அடியில் குறைந்தது 250 மைக்ரோனாவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. இன்று பலர் 300 கேட்கிறார்கள். விழிவெண்படலம் 500 மைக்ரோன் தடிப்புள்ள ஒருவருக்கு மைனஸ் 12ஐத் திருத்தினால் 144 மைக்ரோன் செதுக்கப்பட்டு 246 மட்டுமே மிஞ்சும். அந்தக் கண் பிறகு முன்னோக்கிப் புடைக்கும் ஆபத்து உண்டு. உள்விழி வில்லை விழிவெண்படலத்தைச் செதுக்குவதே இல்லை. அதன் நரம்புகளை லேசிக் அளவுக்கு அறுப்பதுமில்லை என்பதால் கண் உலர்வும் குறைவு. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது நல்ல கண்ணே காய்ந்து எரியும் இந்தக் கரையில் அதைச் சிறு நன்மை என்று ஒதுக்க முடியாது.

கண்ணாடியோடு ஒப்பிட்டாலும் ஆதாயம் உண்டு. மைனஸ் 10 கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்பதால் உருவத்தை ஏறத்தாழப் பத்திலொரு பங்குக்கு மேல் சிறிதாக்குகிறது. வில்லை கண்ணுக்குள் போனதும் அந்தச் சுருக்கம் பெரும்பாலும் நீங்குகிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் எழுத்துப் பலகையில் முன்பு கண்ணாடியோடு வாசித்ததைவிட ஒரு வரி கூடுதலாக வாசிப்பவர்கள் இருப்பது இதனால்தான்.

இந்த ஆதாயம் யாருக்கு உண்மையில் பயன்படும்? உட்துறைமுகத்தில் ஏணியில் ஏறிக் கப்பலுக்குள் போகிறவர், சீனக்குடா மா ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ தூசுக்குள் நிற்பவர், நிலாவெளி உப்பளத்தின் வெயில் தெறிப்பில் வேலை செய்பவர், மூதூர், கிண்ணியா, குச்சவெளிக் கரைகளிலிருந்து இரவில் படகேறுபவர். உப்புநீர் தெறித்து மூடிய தடித்த கண்ணாடி இவர்களுக்கு ஆபத்தாகிவிடும். அது கடலில் விழுந்துவிட்டால் மைனஸ் 10 உடையவருக்குப் பத்து சென்ரிமீற்றருக்கு அப்பால் உலகமே கலங்கல். கொன்டாக்ட் லென்ஸ் இவர்களுக்கு மாற்று ஆகாது. கழுவாத கையும் கடல்நீரும் லென்ஸும் சேரும் இடத்தில் விழிவெண்படலப் புண் எளிதில் வரும். அகந்தமீபா என்னும் நுண்ணுயிரி தொற்றினால் பார்வையே போகலாம். அழகுக்காகச் செய்வது என்று இந்தச் சத்திரசிகிச்சையைப் பொதுவாக ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. இவர்களைப் பொறுத்தவரை இது தொழில் பாதுகாப்பு.

ஆனாலும் தயங்குவதற்கு வரலாறு காரணம் தருகிறது. கண்ணுக்குள் வில்லை வைக்கும் எண்ணத்துக்கு வழிவிட்டது இரண்டாம் உலகப்போர். ஹரிக்கேன் போன்ற போர் விமானங்களின் பெர்ஸ்பெக்ஸ் மூடி உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் புகுந்த துண்டுகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதைப் பிரித்தானியக் கண் வைத்தியர் ஹரல்ட் ரிட்லி கவனித்தார். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடாவிலிருந்து எழுந்தவையும் ஹரிக்கேன்களே. ரிட்லி 1949 நவம்பரில் லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் கண்புரை நோயாளிக்கு முதல் வில்லையை வைத்தார். நான்கு ஆண்டுகளில், 1953இல், இத்தாலியரான ஸ்ட்ராம்பெல்லி இயற்கை வில்லையை அகற்றாமல் கிட்டப்பார்வைக்கென வில்லை பொருத்தினார். ஸ்பெயினின் பராக்கேர் அதே வழியில் நூற்றுக்கணக்கில் பொருத்தினார். முதல் மாதங்களில் எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள். பின்னர் முன்னறையில் இருந்த அந்த வில்லைகள் விழிவெண்படலத்தின் உட்புறக் கலங்களைத் தேய்த்து அழித்தன. பராக்கேர் வைத்தவற்றில் பெரும்பகுதியை வெளியே எடுக்க நேர்ந்தது. அந்த எண்ணமே முப்பது ஆண்டுகள் உறங்கியது. 1986இல் மொஸ்கோவில் ஃபியோதரொவ் வில்லையைக் கதிராளிக்குப் பின்னால் கொண்டுபோனார். இன்றைய ஐசிஎல் அந்த வழி வந்தது. முதலாண்டுப் பார்வையை வைத்து மதிப்பிட்டதே ஐம்பதுகளின் தவறு. சேதம் கண்டுபிடிக்கப்பட்டது தொடர்ந்து பார்த்தவர்களின் பதிவேடுகளில்தான்.

இன்றைய வில்லை அவற்றைவிடப் பன்மடங்கு மேலானது. ஜப்பானியரான கிமியா ஷிமிசு வடிவமைத்த 0.36 மில்லிமீற்றர் நடுத்துளை, கண்ணின் நீர் இயல்பாக ஓட வழிவிட்டது. முன்பு சத்திரசிகிச்சைக்கு ஓரிரு வாரம் முன்னதாகக் கதிராளியில் லேசரால் துளையிட வேண்டியிருந்தது. அந்த ஒரு பயணம் மிச்சம். பழைய வடிவங்களில் இயற்கை வில்லையில் புரை உண்டானதும் பெருமளவு குறைந்துவிட்டது. மிஞ்சியிருப்பது அளவுப் பிரச்சினை. வில்லை 12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீற்றர் என்ற நான்கு நீளங்களில் வருகிறது. மனிதக் கண்ணோ நான்கு அளவுகளில் மட்டும் பிறப்பதில்லை. பொருத்திய வில்லைக்கும் இயற்கை வில்லைக்கும் நடுவே 250 முதல் 750 மைக்ரோன் வரை, அதாவது சில தலைமயிர்களை அடுக்கினால் வரும் அளவு, இடைவெளி இருக்க வேண்டும். நீளம் கூடினால் வில்லை கதிராளியை முன்தள்ளி, நீர் வடியும் கோணத்தை அடைத்து, கண்ணழுத்தத்தை ஏற்றும். குறைந்தால் இயற்கை வில்லையில் உராய்ந்து புரை தரும். இந்த இடைவெளி நிலையானதுமில்லை. வயது ஏற ஏற இயற்கை வில்லை தடிப்பதால் அது ஆண்டுதோறும் சிறிது குறைகிறது. 25 வயதில் சரியாக இருந்தது 45இலும் சரியாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கண்ணழுத்தம் ஏறக்கூடிய காலங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் என் வாதத்தின் மையம் புலப்படும். சத்திரசிகிச்சையின்போது உள்ளே விடும் பசைத்திரவம் முழுதாக வெளியேறாவிட்டால் சில மணி நேரத்தில் அழுத்தம் ஏறும். அதைச் சத்திரசிகிச்சை செய்தவரே அன்றைக்கே பார்த்துச் சரிசெய்துவிடுவார். மறுநாளும் பார்ப்பார். நோயாளி ஒரு வாரம் தங்கினால் அதையும் பார்ப்பார். ஆனால் வீக்கம் தணிய இடும் ஸ்டீரொயிட் சொட்டுமருந்தால் சிலருக்கு அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் நடுவில். கடுமையான கிட்டப்பார்வை உடையோரிடம் இந்த விளைவு மற்றவர்களைவிட அதிகம். வலி பெரிதாக இருக்காது. பார்வையும் தெளிவாகவே இருக்கும். உள்ளே பார்வை நரம்பு தேயும். அந்த வாரங்களில் நோயாளி திருகோணமலையில் வேலைக்குத் திரும்பியிருப்பார். அவருக்குத் தேவைப்படுவது கண்ணழுத்தமானியும் பிளவு விளக்கும் உள்ள ஒரு கிளினிக், அங்கே அவருடைய கண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர். சொட்டுமருந்தையே கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதையும் இந்த நாடு அறியும். 2023இல் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் இட்ட இறக்குமதி பிரெட்னிசொலோன் சொட்டுமருந்தால் பலரின் பார்வை பாதிக்கப்பட்டதை மறந்துவிடக் கூடாது.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கண்ணழுத்தமானியும் பிளவு விளக்கும் எந்தக் கண் பிரிவுக்கும் அடிப்படைக் கருவிகள். உட்புறக் கலங்களை எண்ணும் கருவியும் இடைவெளியை அளக்கும் ஓசிடி கருவியும் ஆண்டுக்கு ஒருமுறை போதும். அதற்குப் பெரிய நிலையம் ஒன்றுக்குப் போய்வரலாம். போக்குவரத்தும் முன்புபோல் தடையில்லை: 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைப் படகுக்குக் காத்திருந்த மக்கள் இன்று மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் போகிறார்கள். தடையாக இருப்பது தகவல். தனியார் வைத்தியசாலையில் வைத்த வில்லையின் அளவு, பவர், சத்திரசிகிச்சைக்கு முந்திய கண்ணளவுகள், கலங்களின் எண்ணிக்கை, இடைவெளி ஆகியவை ஊரிலுள்ள வைத்தியரின் கைக்கு வருவதற்கு ஒழுங்கான வழி வேண்டும். இருபது ஆண்டு கழித்துக் கண்புரை வந்து வில்லையை எடுக்கும்போது புதிய வில்லையின் பவரைக் கணிக்கவும் அந்தத் தாள்கள் தேவைப்படும். அப்போது அந்தத் தனியார் நிலையம் இருக்குமா என்பது வேறு கேள்வி.

வேண்டாமென்றால் எடுத்துவிடலாமே என்பது வில்லைக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் வாதம். லேசிக்கோடு ஒப்பிட்டால் அது உண்மை. ஆயினும் வில்லையை எடுக்கலாம், இழந்த கலங்களை மீட்க முடியாது. விழிவெண்படலத்தின் உட்புறக் கலங்கள் பெரியவர்களில் சதுர மில்லிமீற்றருக்கு 2500 அளவில் இருக்கும். அவை மீண்டும் பிறப்பதில்லை. ஆகவே ‘மீளக்கூடியது’ என்ற சொல்லை ஆலோசனை அறையில் அளவோடு பயன்படுத்த வேண்டும்.

மைனஸ் 3, மைனஸ் 4 உடையவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனுமதி எல்லைக்குள் அவர்கள் வருகிறார்கள்; என் தீர்ப்பில் பெரும்பாலோருக்கு இது தேவையில்லை. ஐம்பது வயதில் அயலவர் எல்லாரும் வாசிப்புக் கண்ணாடி தேடும்போது, மைனஸ் 3 உடைய மீனவர் தம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வலை பொத்தலாம், தூண்டில் முடியலாம். நாற்பதைத் தாண்டியவருக்கு வில்லையை வைத்து இந்த இயற்கை வசதியைப் பறித்தபின், அதைப் பற்றி முன்பே சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டால் பதில் இல்லை.

இன்னொன்று, வில்லை குவியத்தைத்தான் திருத்துகிறது. நீண்ட கண் நீண்டதாகவே இருக்கும். வழக்கமான கண் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். 26 மில்லிமீற்றரைத் தாண்டிய கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. விழித்திரை விலகல், மையப்பகுதிச் சிதைவு, குளுக்கோமா ஆகியவற்றின் ஆபத்து வில்லைக்குப் பிறகும் அப்படியே தொடர்கிறது. கண்ணாடியைக் கழற்றியவர் தம்மைக் குணமானவராக எண்ணிக் கிளினிக் போவதை நிறுத்திவிடுவதே நான் மிகவும் அஞ்சுவது. கண்முன் திடீரென மின்னல் தெறிப்பதும், கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பதும், ஒரு பக்கத்தில் திரை விழுவதும் அன்றைக்கே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்.

பொதுப்பணத்தில் இதைச் செய்யலாமா என்ற கேள்விக்கு, இப்போதைக்கு இல்லை என்பதே என் நிலைப்பாடு. 2022இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்று, மருந்துக்கே டொலர் இல்லாதிருந்த நாடு இது. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பார்வைக் குறைவு கண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணாடி கிடைப்பதற்கே முதலிடம். அடுத்தது தடுப்பு: சீனாவின் குவாங்சோவில் பாடசாலை நேரத்தில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்ட பிள்ளைகளில் மூன்று ஆண்டுகளில் 30.4 வீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அப்படி விடாதவர்களில் 39.5 வீதம். புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஆறு வயதிலிருந்தே மாலை நேரத்தை ரியூசனுக்குக் கொடுத்துவிடும் பெற்றோர் இந்த எண்களை அறிய வேண்டும். வில்லையின் விலையும் என்றும் இவ்வளவு உயரத்தில் இராது. 1992இல் மதுரையில் தொடங்கிய அரோலாப் நிறுவனம், கண்புரை வில்லையை இறக்குமதி விலையின் சிறு பங்குக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் கிட்டப்பார்வைக்கான உள்விழி வில்லைகளும் இப்போது தயாராகின்றன. நெடுங்காலப் பதிவுகள் போதிய அளவில் சேர்ந்தபின், கடல் தொழிலாளர்களுக்கேனும் அரச உதவி கேட்பது நியாயமாகும்.

அதுவரை, வில்லை பொருத்தும் நிபுணர்களிடம் ஒரு வேண்டுகோள். வடக்கு, கிழக்கிலிருந்து வரும் நோயாளிக்கு நாள் குறிக்குமுன் அவருடைய மாவட்டக் கண் வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மூன்றாம் வாரத்தில் கண்ணழுத்தம் பார்க்க அங்கே திகதி வாங்கிக் கொடுங்கள். எல்லா அளவுகளையும் நோயாளியின் கையில், அவர் வாசிக்கும் மொழியில் கொடுத்தனுப்புங்கள். நோயாளிகளிடமும் ஒன்று: இரவில் கண் வலித்துச் சிவந்தால் திருகோணமலையில் யாரிடம் போவது என்று முற்பணம் கட்டுமுன் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் கண்ணாடியோடு இருந்துகொள்ளுங்கள்.