சிறு கருவியும் பெருங்கணினியும்

பெரியது, சிறியது செய்வதையெல்லாம் எளிதிற் செய்துவிடும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் யானை இழுக்கும் பாரத்தை எறும்பு இழுக்க இயலாததுபோலவே, எறும்பு நுழையும் வளைக்குள் யானையும் நுழைய இயலாது. கணினிகளின் வரலாற்றிலும் இவ்வுண்மைக்குச் சான்று உண்டு. குழந்தைகளின் கையில் தவழ்ந்த ஒரு விளையாட்டுக் கருவியையும், மராட்டிய மாநிலத்துப் புனே நகரில் உருவான ஒரு மாபெரும் கணினியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அது நன்கு விளங்கும்.

1980-களின் பிற்பகுதியில் நம் நாடு அமெரிக்காவிடம் ‘கிரே’ என்னும் மீத்திறன் கணினியைக் கேட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கென விரும்பிய கணினி கிடைக்கவில்லை. அந்த மறுப்பே நமக்கு ஊக்கமாயிற்று. 1988-ஆம் ஆண்டு உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையம், அதாவது ‘சி-டாக்’, புனேயில் நிறுவப்பட்டது. டாக்டர் விஜய் பட்கர் அதன் தலைமையை ஏற்றார். மூன்றே ஆண்டுகளில், 1991-ல், ‘பரம் 8000’ பிறந்தது.

அக்கணினியின் நுட்பம் யாது? பிரிட்டனில் ‘இன்மாஸ்’ நிறுவனம் செய்த ‘டிரான்ஸ்பியூட்டர்’ என்னும் சிறு செயலிகள் பலவற்றை ஒன்றாகப் பிணைத்து, ஒரே வேலையை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 256 செயலிகள் கூடியபோது அதன் உச்ச வேகம் நொடிக்கு 100 கோடிக் கணக்குகளை எட்டியது. ஊர் கூடித் தேர் இழுத்தாற்போன்ற ஏற்பாடு இது. வானிலைக் கணிப்பு போன்ற வேலைகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. நாட்டின் வான்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு செயலி என்று ஒப்படைத்துவிடலாம் அன்றோ?

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1989 ஏப்ரலில், ஜப்பானில் ‘நிண்டெண்டோ’ நிறுவனம் ‘கேம் பாய்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. நான்கு பேனா பேட்டரிகளில் அது இயங்கியது. அதன் செயலி நொடிக்கு ஏறக்குறைய 42 லட்சம் முறையே துடித்தது. திரையில் குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள். நிறமோ நான்கே சாயல்கள். பணிக்கான நினைவகம் 8 கிலோபைட்டு. இத்துணை எளிய கருவியும் அதன் வண்ணத்திரை வடிவமும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கு மேல் விற்பனையாயின.

ஒரு கணினி மற்றொரு கணினியைப்போல நடந்துகொள்ள முடியுமா என்னும் வினா பழையது. முடியும் என்பதை 1936-ஆம் ஆண்டிலேயே ஆலன் டூரிங் கணித வழியில் நிறுவினார். 1964-ல் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம் 360’ வரிசையை அறிவித்தபோது இது வாணிகத் தேவையாகவும் ஆயிற்று. பழைய 1401 கணினிக்கென எழுதிய நிரல்களை வாடிக்கையாளர் கைவிட மறுத்தனர். ஆகவே புதிய கணினி பழையதைப்போல நடிக்குமாறு செய்யப்பட்டது. அவ்வேற்பாட்டுக்கு ‘எமுலேட்டர்’ என்னும் பெயர் அக்காலத்தில் வழக்குக்கு வந்தது.

நடிப்பதற்கு ஏன் அதிக ஆற்றல் வேண்டும்? டூப்ளேயின் அவையில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு வாக்கியம் பேசுகிறார். துபாஷி அதைக் கேட்டு, பொருளை உணர்ந்து, மறுமொழியில் அமைத்து, பின்னர் உரைக்கிறார். பேசுபவருக்கு ஒரு வேலை, துபாஷிக்கு நான்கு. எமுலேட்டரும் இவ்வாறே பழைய செயலியின் ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, இன்னதென்று அறிந்து, செய்து முடித்து, அதற்குப் பழைய கருவியில் எத்தனை துடிப்புகள் ஆகியிருக்கும் என்பதையும் கணக்கிட வேண்டும்.

அதனோடும் முடிவதில்லை. கேம் பாயில் செயலி ஒருபுறம் கணக்கிட, படம் வரையும் பகுதியும் ஒலி எழுப்பும் பகுதியும் அதே கணத்தில் தத்தம் பணியைச் செய்துகொண்டிருந்தன. சில விளையாட்டுகள், திரையில் ஒரு வரி தீட்டப்பட்டுக்கொண்டிருக்கும் நடுவிலேயே படத்தின் அமைப்பை மாற்றிவிடும். எமுலேட்டர் படம் முழுவதையும் கடைசியில் ஒரேயடியாகத் தீட்டினால் வேலை மிச்சமாகும். ஆனால் அவ்விளையாட்டுகளின் காட்சி சிதைந்துவிடும்.

ஆகவே, ஆற்றல் எவ்வளவு வேண்டும் என்பது மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. 1990-ல் வெளிவந்த ‘சூப்பர் ஃபாமிகாம்’ என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியின் செயலி நொடிக்கு அதிகமாய் 36 லட்சம் முறை துடித்தது. அதைப் பிழையின்றிப் போலச் செய்ய நொடிக்கு 300 கோடித் துடிப்புள்ள செயலி வேண்டும் என்று 2011-ல் ஓர் எமுலேட்டர் ஆசிரியர் எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ எண்ணூறு மடங்கு! அதே கருவியை ஓரளவு போலச் செய்தால் போதும் என்ற நிரல்களோ அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே ஓடின.

அப்படியானால், நொடிக்கு 100 கோடிக் கணக்குப் போட்ட பரம் 8000 இவ்வேலைக்குப் போதுமானதாக இருந்திருக்குமா? ஆற்றலின் வகை இங்கே மாறுபடுகிறது. விளையாட்டு நிரலில் ஒரு கட்டளையின் விடை தெரிந்த பின்னரே அடுத்த கட்டளையைத் தொடங்க இயலும். ஆதலால் வேலையின் பெரும்பகுதி ஒரே செயலியின் தலையில் விழும். ஏனையவை பெரிதும் துணைசெய்ய முடியாது. தேர் இழுக்க ஆயிரம் கைகள் வேண்டும். ஊசியில் நூல் கோக்க ஒரு கை, விரைந்த கை, வேண்டும். 1990-களின் பிற்பாதியில், தனித்த ஒரு செயலியின் வேகம் உயர்ந்த பிறகு, சாதாரண வீட்டுக் கணினிகளே கேம் பாயாக நடிக்கத் தொடங்கின.

பின்னர் கையடக்கக் கருவிகளும் வளர்ந்தன. 2004-ல் வந்த சோனியின் ‘பி.எஸ்.பி.’ நொடிக்கு 33 கோடித் துடிப்பு வரை செல்லக்கூடியது. இத்தகைய கருவிக்குத் துபாஷி முறை கட்டுபடியாகாது. ஆகவே நிரலின் ஒரு பகுதியை முழுமையாக மொழிபெயர்த்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மீண்டும் அப்பகுதி வரும்போது அம்மொழிபெயர்ப்பையே பயன்படுத்தும் முறை கையாளப்பட்டது. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைபேசியே இதனைச் செய்கிறது.

எனவே ஆற்றல் என்பது பொறுத்திருந்தால் தானே வந்து சேரும் பொருள். மூலக் கருவியைப் பற்றிய அறிவோ அவ்வாறன்று. கருவியோடு அதுவும் அழிகிறது. கேம் பாய் உயிர்பெறும்போது முதலில் ஓடும் தொடக்க நிரல் 256 பைட்டுகளே. அது வெளியிலிருந்து படிக்க இயலாதவாறு மறைக்கப்பட்டிருந்தது. 2003-ல்தான் ஆர்வலர் ஒருவர் அச்சில்லின் மேலுறையை நீக்கி, நுண்ணோக்கியின் வழியே அதைப் படித்தறிந்தார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும் கருவிகள் மிஞ்சியிருந்ததால் அது இயன்றது.

இது விளையாட்டோடு நின்றுவிடும் செய்தி அன்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தோன்றி, புனே சி-டாக்கில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ அட்டையைக் கணினியில் செருகினால், ஆங்கிலத்துக்கென எழுதிய நிரல்களிலும் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகள் தோன்றின. அவ்வட்டையைச் செருகும் துளை இன்றைய வீட்டுக் கணினிகளில் இல்லை. எழுத்துகளின் குறியீடு 1991-ல் ‘இஸ்கி’ என்னும் தரமாக வெளியிடப்பட்டதால், அதன்படி எழுதிய வாசகத்தைப் படித்துவிடலாம். ஆனால் அந்நிரல் அன்று எவ்வாறு இயங்கிற்று என்று பேரக்குழந்தைக்குக் காட்ட வேண்டுமானால், கணினியோடு அட்டையின் நடத்தையையும் போலச் செய்தாக வேண்டும்; அதற்கு அதன் நடத்தையை எழுதிவைத்திருக்க வேண்டும்.

மின்வடிவ ஆவணங்களைக் காக்கும் பணிக்கான சிறப்பு மையமும் புனே சி-டாக்கிலேயே அமைந்தது. அங்கு உருவான மென்பொருளைக் கொண்டு இயங்கிய டில்லியின் தேசியப் பண்பாட்டு ஒலி-ஒளிக் காப்பகம், 2017-ல் ஐ.எஸ்.ஓ. 16363 என்னும் தரச்சான்றை உலகில் முதன்முதலாகப் பெற்றது. பெருங்கணினி படைத்த ஊரே சிறு நிரல்களின் ஆயுளையும் நினைக்கத் தொடங்கியமை பாராட்டுக்குரியது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் பழைய வட்டுகளில் தமிழ்க் கடிதங்களும், சங்க மலர்களும், குழந்தைகள் ஆடிய விளையாட்டுகளும் இருக்கக்கூடும். அவற்றைப் படிக்கும் கருவி இன்னும் இயங்குமாயின், இப்போதே நகலெடுத்து, எந்தக் கணினியில் எந்த நிரலால் ஆக்கியவை என்பதையும் ஒரு தாளில் குறித்து வைத்தல் நலம். அக்குறிப்பு இருந்தால், வருங்காலக் கணினி எதுவாயினும் அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுக்க இயலும்.