உரலில் கட்டிய தோல்: சஹாராவின் ஒரு இசைவிழாவின் கதை

யூடியூப்பில் 'டினாரிவென்' எண்டு தேடிப் பாருங்கோ. தலைப்பாகைத் துணியால் முகத்தை மூடிய ஆண்கள் மின்கிற்றாரோடு நிற்கிற காணொளிகள் வரிசையா வரும். 'பாலைவன ப்ளூஸ்' எண்டு உலகம் அவர்களைக் கொண்டாடுது. 2012 பெப்ரவரியில் கிராமி விருதும் வாங்கினார்கள். கிற்றாரைக் கொஞ்சம் மறந்துபோட்டு, பின்னால் போகிற கைதட்டலையும் தாளத்தையும் மட்டும் கேட்டால் ஒட்டகம் அசைந்து நடக்கிற மாதிரி ஒரு நடை கேட்கும். அந்த நடை கிற்றாரை விடப் பழையது. அது அவர்களின் அம்மாமார், அம்மம்மாமார் தட்டின உரலில் இருந்து வந்தது.

துவாரெக் மக்கள் சஹாராவின் மேய்ச்சல்காரர்கள். மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா, புர்கினா ஃபாசோ எண்டு ஐந்து நாடுகளில் பிரிந்து வாழுகிறார்கள். எல்லைக்கோடுகள் வந்தது பிறகுதான். அவர்கள் அதற்கு முதலே அங்கே இருந்தவர்கள். தங்களைத் தமாஷெக் மொழி பேசுகிறவர்கள் எண்டுதான் சொல்லிக்கொள்வார்கள்.

அவர்களின் முக்கியமான வாத்தியங்கள் மூன்று. முதலாவது தின்டே. தானியம் இடிக்கிற மர உரலின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் உலக்கைகளைப் பிணைத்து, அதன் மேல் பெண்கள் ஏறி உட்காருவார்கள். அந்தப் பாரத்தில்தான் தோல் இறுகும். ஒருத்தி தட்டுவாள், மற்றவர்கள் கைதட்டிப் பாடுவார்கள், ஆண்கள் ஒட்டகத்தில் சுற்றி வருவார்கள். வாத்தியத்துக்கும் பாட்டுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் பேர் ஒண்டுதான்: தின்டே. எல்லாம் முடிய, தோலைக் கழற்றினால் உரல் திரும்பவும் சமையலுக்குப் போய்விடும்.

இரண்டாவது இம்சாத். அரைச் சுரைக்குடுவையில் தோல் போர்த்தி, குதிரைமயிரால் ஒரேயொரு தந்தி கட்டி, வளைந்த வில்லால் இசைப்பது. பெண்கள் மட்டும்தான் வாசிப்பார்கள். ஆண்கள் அதற்குக் கவிதை பாடலாம். 2013இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மூன்றாவது தெஹர்தென்ட். மரத்தைக் குடைந்து தோல் போட்ட சிறிய தந்தி வாத்தியம். பரம்பரையாக இசைத்தொழில் செய்கிற குடும்பத்து ஆண்கள் மீட்டுவது.

இந்த மூன்றுக்கும் நடுவில் கிற்றார் எப்படி வந்தது? மாலி 1960இல் சுதந்திரம் அடைந்தது. 1963இல் வடக்கில் துவாரெக் கிளர்ச்சி எழுந்து, இராணுவம் அதைக் கொடூரமாக அடக்கியது. டினாரிவெனின் இப்ராஹிம் அக் அல்ஹபிப் அப்போது சின்னப் பெடியன். அவரின் தகப்பன் அந்தக் காலத்தில்தான் கொல்லப்பட்டார். 1970களிலும் 1980களிலும் வந்த பெரிய வறட்சிகள் மந்தைகளை அழித்தன. இளைஞர்கள் அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் வேலை தேடிப் போனார்கள். அவர்களுக்கு 'இஷுமார்' எண்டு பேர் வந்தது. வேலையற்றவன் என்கிற பிரெஞ்சுச் சொல்லில் இருந்து பிறந்த பேர். தகரப்பேணி, தடி, சைக்கிள் பிரேக் கம்பி வைத்து இப்ராஹிம் தன் முதல் கிற்றாரைச் செய்தார். பாட்டுகள் கசெற்றில் பதிவாகி, கைமாறிக் கைமாறிப் பாலைவனம் முழுக்கப் போயின. 1990இல் திரும்பவும் கிளர்ச்சி. 1996 மார்ச் 27ஆம் திகதி திம்புக்டுவில் ஏறத்தாழ 3,000 ஆயுதங்களைக் குவித்து எரித்தார்கள். 'சமாதானச் சுடர்' எண்டு அந்த நாளுக்குப் பேர்.

அதற்கு ஐந்து வருசம் கழித்து, 2001 ஜனவரியில், கிடால் பிரதேசத்தின் தின்-எஸ்ஸாக்கோவில் முதலாவது 'பாலைவன விழா' நடந்தது. துவாரெக் இசைக்காரர்களும் பிரான்ஸின் 'லோ-ஜோ' குழுவும் சேர்ந்து எடுத்த முயற்சி. யோசனை புதுசில்லை. குலங்கள் வருசத்தில் ஒருக்கா கூடி, சண்டை தீர்த்து, கலியாணம் பேசி, ஒட்டகம் ஓட்டி, தின்டே போடுகிற வழக்கம் ஏற்கனவே இருந்தது. அந்தக் கூடலுக்கு ஒரு மேடையும் ஒலிபெருக்கியும் வைத்தார்கள். 2003இல் திம்புக்டுவுக்கு மேற்கே எஸ்ஸாக்கேனின் மணல்மேடுகளுக்கு விழா வந்தபோது லெட் செப்லின் பாடகர் ராபர்ட் பிளான்ட் பாடினார். மாலியின் அலி ஃபார்க்கா டூரே, ஊமு சங்காரே ஆகியோரும் பாடினார்கள். அதன் ஒலித்தட்டு உலகம் சுற்றியது.

அந்த மேடையில் ஏறிய 'தார்த்தித்' குழுவைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். 1990களின் சண்டையில் ஓடிய பெண்கள் அகதி முகாமில் உருவாக்கிய குழு அது. பேரின் பொருள் ஒற்றுமை. அவர்கள் மின்கிற்றாரை நம்பி வரவில்லை. தின்டே, இம்சாத், தெஹர்தென்ட் எண்டு மூன்றையும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். குழுவின் முன்னணிப் பாடகி ஃபதிமாட்டா வாலெட் ஊமர்.

மேடை இந்த வாத்தியங்களுக்குக் கொடுத்ததும் இருக்கு, எடுத்ததும் இருக்கு. தின்டேக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. நடுவில் பெண்கள், சுற்றிவர எல்லாரும். வந்தவர் எல்லாரும் கைதட்டலில் பங்காளிகள். மேடை அந்த வட்டத்தை வெட்டிப் பாதியாக்குது: இந்தப் பக்கம் கலைஞர், அந்தப் பக்கம் பார்வையாளர். இம்சாத்தின் மெல்லிய குரல் கூடாரத்துக்குள்ள கேட்கச் செய்தது. மைக் இல்லாமல் மணல்மேட்டில் எடுபடாது. அதே நேரம், அகதியாக அலைந்த ஒரு பெண்ணுக்குத் தன் அம்மாவின் வாத்தியத்தோடு உலகத்துக்கு முன்னால் உட்கார ஒரு இடத்தைத் தந்ததும் இந்த மேடைதான். என்னால் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்க முடியேல்ல.

பிறகு 2012 வந்தது. பாதுகாப்புப் பிரச்சினையால் விழா ஏற்கனவே திம்புக்டு நகர எல்லைக்கு மாறியிருந்தது. ஜனவரி நடுப்பகுதியில் விழா முடிந்தது. சில நாளில், 17ஆம் திகதி, மெனாக்காவில் புதிய கிளர்ச்சி வெடித்தது. ஏப்ரலில் திம்புக்டு வீழ்ந்தது. துவாரெக் தேசியவாதிகளை ஓரங்கட்டி ஆயுதமேந்திய இஸ்லாமியக் குழுக்கள் நகரைப் பிடித்தன. ஓகஸ்டில் வானொலிகளில் பாட்டுக்குத் தடை. இசைக்காரர்கள் வாத்தியங்களை விட்டு ஓடினார்கள். பல வாத்தியங்கள் எரிக்கப்பட்டன. இதில் உறுத்துகிற விசயம் ஒண்டு: அந்தக் குழுக்களில் ஒன்றான அன்சார் தீனின் தலைவர் இயாத் அக் காலி வெளியாள் இல்லை. 1990 கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய அதே ஆள். அந்தக் கிளர்ச்சிக்கு உயிர் கொடுத்த பாட்டுகளின் தலைமுறைதான் அவரும். 'எங்கட ஆக்கள்' எண்ட சொல் ஒரு பாட்டைக் காப்பாற்றப் போதாது.

2013 ஜனவரி கடைசியில் பிரெஞ்சு, மாலிப் படைகள் திம்புக்டுவுக்குள் நுழைந்தன. விழா எஸ்ஸாக்கேனுக்குத் திரும்பவே இல்லை. நாடு நாடாகப் போகிற ஊர்வலமாக, 'நாடுகடந்த விழா'வாக அது மாறியது.

இம்சாத்தைத்தான் எனக்கு யோசிக்க வைக்குது. அதைப் படிக்க வருசக்கணக்கு வேணும். தாய்க்குப் பக்கத்தில் மகள் உட்கார ஒரு அமைதியான பின்னேரம் வேணும். இடப்பெயர்வு முதலில் திருடுவது அதைத்தான். அல்ஜீரியாவின் தமன்ராசெட்டில் இப்ப அதைப் பள்ளி வைத்துப் படிப்பிக்கிறார்கள். தின்டேயின் கதை வேற. முகாமிலும் சோறு வேணும், அதனால் உரலும் இருக்கும். ஒரு ஆட்டுத்தோல், கொஞ்சத் தண்ணி, உலக்கையில் உட்கார நாலு பெண்கள் கிடைத்தால் போதும். ஆனால் அந்த நாலு பேரும் ஒரே இடத்தில் இருக்கவேணும்.